போர்க்கள அறுவை மருத்துவர் அப்பா, கடற்படையை விட்டு வந்த மகன்: போல்பி குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் படித்தவர்களில் ஜான் போல்பியின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. வளர்ப்பவரைப் பிரிந்த குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள பாசப் பிணைப்பைப் பற்றிய 'பிணைப்புக் கோட்பாட்டை' எழுதியவர். அவருடைய அப்பா ஆந்தனி போல்பி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் அறுவை சிகிச்சை நடந்த விதத்தையே மாற்றியவர்களில் ஒருவர். ஜான் முதலில் கடற்படை அதிகாரி ஆவதற்காகத்தான் அனுப்பப்பட்டார். இந்த இரண்டும் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை. இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுருக்கமாக, யார் இவர்கள்?

சர் ஆந்தனி போல்பி (1855–1929) லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில், அதாவது லண்டன்காரர்கள் 'பார்ட்ஸ்' என்று சொல்லும் இடத்தில், அறுவை மருத்துவராக இருந்தவர். போயர் போர் (தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போர்), முதல் உலகப் போர் இரண்டிலும் களத்தில் வேலை பார்த்தார். 1920 முதல் 1923 வரை இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் தலைவர். ஜான் (1907–1990) அவருடைய ஆறு பிள்ளைகளில் நான்காவது.

தாத்தாவைச் சீனாவில் சித்திரவதை செய்து கொன்றார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆந்தனியின் அப்பா தாமஸ் வில்லியம் போல்பி, லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர். 1860இல் சீனாவோடு பிரிட்டனும் பிரான்சும் நடத்திய இரண்டாம் அபினிப் போரைப் பற்றி எழுத, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவோடு சீனாவுக்குக் கப்பலேறினார். போகிற வழியிலேயே ஒரு கண்டம்: அவர்கள் வந்த 'மலபார்' என்ற நீராவிக் கப்பல் அந்த மே மாதம் இலங்கையின் காலித் துறைமுகத்தில் பாறையில் மோதி மூழ்கியது. தப்பிப் பிழைத்த தாமஸ் அந்த விபத்தைப் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

காலியில் தப்பியவர் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) அருகே தப்பவில்லை. 1860 செப்டம்பர் 18 அன்று, சமாதானக் கொடியோடு பேச்சுவார்த்தைக்குப் போன குழுவைச் சீனப் படை பிடித்து வைத்தது. அதில் இவரும் ஒருவர். கைகளை ஈரக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் போட்டதில் சதை அழுகி, சில நாட்களிலேயே இறந்தார். பிடிபட்டவர்களில் பலர் இப்படிச் செத்ததற்குப் பழிவாங்கத்தான் அக்டோபரில் எல்ஜின் பிரபு பீக்கிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தச் சொன்னார். (அந்த அரண்மனையைக் கொளுத்தியதற்கு இது நியாயம் ஆகுமா என்றால் ஆகாது. பல தலைமுறையின் கலைச்செல்வம் சாம்பலானது, சீனர்கள் இன்னும் மறக்கவில்லை.)

அப்போது ஆந்தனிக்கு ஐந்து வயது. விதவையான தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பின்னால் அவர் மேல் விழுந்தது. கல்யாணம் 1898இல், 43 வயதில்தான். அதனால்தான் ஜான் பிறந்தபோது அப்பாவுக்கு 50 தாண்டிவிட்டது.

போயர் போரில் அவர் என்ன பார்த்தார்?

1899–1900இல் தென்னாப்பிரிக்காவில் போர்ட்லண்ட் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அது தனியார் நன்கொடையில் நடந்த, கூடாரங்களால் ஆன மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவர்களுக்குக் கிடைத்த அனுபவம் ஒருவிதத்தில் ஏமாற்றக்கூடியது. போயர்களின் மௌசர் துப்பாக்கிக் குண்டு சின்னது, வேகமானது. உடம்பின் ஒரு பக்கம் துளைத்து மறு பக்கம் போய்விடும். காற்று வறண்டது, மண் உழவே படாத புல்வெளி மண். காயத்தைச் சுத்தமாகக் கட்டி, கைவைக்காமல் விட்டாலே பெரும்பாலும் ஆறிவிட்டது. வயிற்றில் குண்டு பட்டவர்களைக்கூட அறுக்காமல் விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் போரில் குண்டடியை விட டைபாய்டு முதலான நோய்கள்தான் அதிகப் பேரைக் கொன்றன.

இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டுதான் 1914இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பிரான்சுக்குப் போனார்கள்.

1914இல் அது ஏன் உதவவில்லை?

மண் வேறு, ஆயுதம் வேறு. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி, வடக்கு பிரான்ஸ் நிலமெல்லாம் நூற்றாண்டுகளாகச் சாணமும் எருவும் போட்டு உழுத வயல். அந்த மண்ணில் கேஸ் கேங்கிரீன் (காயத்துச் சதையை அழுக வைக்கும் தொற்று), டெட்டனஸ் கிருமிகள் நிறைந்திருந்தன. காயங்களில் பெரும்பான்மை துப்பாக்கிக் குண்டால் அல்ல, பீரங்கிக் குண்டுச் சிதறலால். ஒரு இரும்புத் துண்டு உள்ளே போகும்போது சேறு படிந்த சட்டைத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சுற்றியுள்ள சதை நைந்து செத்துப்போகும். செத்த சதைக்குள் காற்றில்லாத இடத்தில் அந்தக் கிருமி பெருகும். ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே கிடையாத காலம். மேலே மருந்து ஊற்றிக் கட்டி, ரயிலேற்றி, கடற்கரையோரப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், போய்ச் சேருவதற்குள் கால் அழுகிப் போயிருக்கும். பலருக்கு உயிரே போயிருக்கும்.

என்ன செய்தால் பிழைப்பார்கள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் காயத்தை அகலமாகத் திறந்து, துணி, மண், இரும்பு எல்லாவற்றையும் எடுத்து, செத்த சதை முழுவதையும் வெட்டி நீக்க வேண்டும். உடனே தைத்து மூடக் கூடாது. சுத்தம் என்று உறுதியான பிறகு மூடலாம். இன்றைக்கும் போர்க்காயத்துக்கு அடிப்படை இதுதான்.

சரி, இதில் ஆந்தனியின் பங்கு என்ன?

அறுக்கும் நுணுக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்த அறுவையை எங்கே, எப்போது செய்வது என்பதில்தான் அவருடைய பெரிய வேலை.

அன்றைய ஏற்பாட்டில் 'கேஷுவல்டி கிளியரிங் ஸ்டேஷன்' என்று ஒன்று இருந்தது. போர்முனைக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பின்னால், பெரும்பாலும் ரயில் பாதையோரமாக இருக்கும். பெயரே சொல்வதுபோல, அடிபட்டவர்களைச் சேர்த்து, கட்டுப் போட்டு, பின்னால் அனுப்பிவிடுவதுதான் அதன் வேலை. ஒருவிதமான பஸ் ஸ்டாண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தனி இரண்டாம் படையின் ஆலோசனை அறுவை மருத்துவராகவும், பின்பு பிரான்சிலிருந்த பிரிட்டிஷ் படை முழுவதற்கும் அறுவை சிகிச்சை ஆலோசகராகவும் இருந்தார். இந்த ஸ்டேஷன்களையே உண்மையான அறுவை மருத்துவமனைகளாக மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் விடாமல் வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். மேசைகள், நல்ல விளக்கு, எக்ஸ்ரே, பயிற்சி பெற்ற நர்ஸ்கள், திறமையான அறுவை மருத்துவர்கள் எல்லாம் முன்னணிக்கு வர வேண்டும். நோயாளி பின்னால் போய்ச் சேரும்வரை காத்திருக்கக் கூடாது.

இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ராணுவத்துக்கு அது பெரிய தலைவலி. படை பின்வாங்கினால் இத்தனை சாமானையும் நோயாளிகளையும் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? போர் தொடங்கிய முதல் வாரங்களில் பிரிட்டிஷ் படை ஓட்டமாகப் பின்வாங்கியது எல்லாருக்கும் நினைவிருந்தது. பதுங்குகுழிப் போராக மாறி, முனை ஒரே இடத்தில் உறைந்து நின்ற பிறகுதான் இந்த யோசனைக்கு இடம் கிடைத்தது. 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே நடந்த மூன்றாவது பெரிய சண்டைக்குள், வயிறு, மார்பு, தொடையெலும்புக் காயங்களுக்கென்றே பிராண்ட்ஹூக் என்ற இடத்தில் இன்னும் முன்னால் போய் ஸ்டேஷன்கள் போட்டார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. முன்னால் போனால் எதிரியின் பீரங்கி எட்டும். 1917 ஆகஸ்ட் 21 அன்று பிராண்ட்ஹூக்கில் குண்டு விழுந்து நெல்லி ஸ்பிண்ட்லர் என்ற நர்ஸ் இறந்தார். அதன் பிறகு அந்த இடத்திலிருந்து மருத்துவமனைகளை விலக்கிக்கொண்டார்கள்.

அப்படியென்றால் எல்லாப் பெருமையும் அவருக்குத்தானா?

இல்லவே இல்லை. வயிற்றுக் காயத்தை உடனே அறுக்க வேண்டும் என்பதில் கத்பர்ட் வாலஸ் முக்கியமானவர். தொடையெலும்பு முறிவுக்குத் தாமஸ் ஸ்பிளின்ட்டை (காலை அசையாமல் நேராகப் பிடித்து வைக்கும் சட்டம்) களத்திலேயே கட்டிவிடும் பழக்கத்துக்கு ராபர்ட் ஜோன்ஸ், ஹென்றி கிரே போன்றவர்கள் காரணம். கிருமிநாசினிக் கரைசலால் காயத்தைத் தொடர்ந்து கழுவும் முறை அலெக்சிஸ் கேரலும் ஹென்றி டேக்கினும் கொண்டுவந்தது. பெல்ஜியத்தில் ஆந்த்வான் தெபாழ் தனியாக அதே திசையில் போய்க்கொண்டிருந்தார். ஆந்தனியிடம் இருந்தது வேறு திறமை: பலருடைய அனுபவத்தையும் எண்ணிக்கைகளையும் ஒன்றாகப் பார்த்து, அதைக் கட்டளையாக மாற்ற வைக்கும் அளவுக்கு மதிப்பும் பொறுமையும். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம், தென்னாப்பிரிக்காவில் தாமே நேரில் கண்டதைப் பிளாண்டர்ஸில் ஒதுக்கி வைக்க அவர் தயங்கவில்லை என்பதுதான். அறுபதை நெருங்கிய, அரசருக்கே அறுவை மருத்துவராக இருந்த ஒருவருக்கு அது எளிதல்ல.

வீட்டில் எப்படிப்பட்ட அப்பா?

அதிகம் வீட்டில் இல்லாத அப்பா. அந்தக் காலத்து லண்டன் மேல்தட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் மேல்மாடியில் ஆயாக்களோடு வளர்வார்கள். ஜான் அம்மாவையே சாயங்காலத் தேநீருக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் பார்ப்பார். அவரைத் தூக்கி வளர்த்தவள் மின்னி என்ற இளம் ஆயா. ஜானுக்கு நாலு வயதிருக்கும்போது அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயை இழந்ததற்குச் சமமான இழப்பு என்று ஜான் பிற்காலத்தில் அதைச் சொன்னதாகக் குறிப்புகள் உண்டு.

1914இல் அப்பா போருக்குப் போனபோது ஜானுக்கு ஏழு வயது, போர் முடிந்தபோது பதினொன்று. இடையில் 1918இல் அண்ணன் டோனியோடு சேர்த்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டன் மேல் விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். ஜானுக்கு விடுதிப் பள்ளி அறவே பிடிக்கவில்லை, பெரியவரான பிறகும் அந்த வெறுப்பு போகவில்லை.

ஜான் கடற்படைக்குப் போனது எப்படி? ஏன் விட்டார்?

1921இல் டார்ட்மத் ராயல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பையன்களை எடுத்து அதிகாரிகளாக வளர்ப்பார்கள். ஜான் நன்றாகத்தான் படித்தார். படிப்பு வராமல் வெளியேறினார் என்று நினைக்க வேண்டாம். அவர் சேர்ந்த நேரம்தான் சரியில்லை. போர் முடிந்து, 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தால் போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு செலவைக் குறைக்க ஏராளமான கடற்படை அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் ஜான் தாமே சொன்ன காரணம் வேறு: சமூகத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஏதாவது செய்ய வேண்டும், கடற்படையில் அது நடக்காது. 1925இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு மாறினார்.

அப்படியானால் அவரைக் 'கடற்படை அதிகாரி' என்று எழுதலாமா?

கூடாது. அதிகாரிப் பயிற்சி பெற்று, அந்த வாழ்க்கையைத் தொடராமல் விட்டவர், அவ்வளவுதான். அவர் உண்மையில் வகித்த ராணுவப் பதவி பிற்பாடு தரைப்படையில். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் மனநல மருத்துவராக இருந்து லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். அங்கே அவர் வேலை, யாரை அதிகாரியாக எடுப்பது என்று தேர்வு செய்யும் வாரியங்களில். அதிகாரி ஆகாமல் விட்டவர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியில் போய் உட்கார்ந்தார்!

அப்பா இதையெல்லாம் பார்த்தாரா?

ஆந்தனி 1929 ஏப்ரலில் இறந்தார். அப்போது ஜான் கேம்பிரிட்ஜ் முடித்து, சிக்கலான நடத்தையுள்ள பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவப் படிப்பைத் தொடங்கியது அப்பா போன பிறகு, அதே ஆண்டில்.

'44 திருடர்கள்' என்பது என்ன?

1930களின் பிற்பகுதியில் லண்டனில் ஒரு குழந்தை நல ஆலோசனை மையத்தில் ஜான் பார்த்த, திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளின் வரலாறு. 1944இல் வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே மையத்துக்கு வந்த, திருடாத 44 பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். திருடியவர்களில் 17 பேர் சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு மேல் தாயைப் பிரிந்தவர்கள். மற்ற குழுவில் 2 பேர்தான். யாரிடமும் பாசமே காட்டாத 14 பேரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் அதில் 12 பேர் அப்படிப் பிரிந்தவர்கள்.

இன்றைய அளவுகோலில் இந்த ஆய்வில் ஓட்டைகள் நிறைய. எண்ணிக்கை சிறியது, எந்தப் பிள்ளை எந்த வகை என்று முடிவு செய்தவரும் அவரே. ஆனால் அன்றைய உளப்பகுப்பாய்வு உலகில் இப்படி ஒப்பீட்டுக் குழு வைத்து எண்ணிப் பார்ப்பதே புதுசு. ஜானின் உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு மேற்பார்வையாளராக இருந்த மெலனி க்ளைன், குழந்தையின் கற்பனை உலகம்தான் முக்கியம் என்றவர். ஜான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் அம்மாவே பதற்றத்தில் தவித்துக்கொண்டிருந்தார்; அவரோடு பேச க்ளைன் ஜானை விடவில்லை. பிறகு அந்த அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் குழந்தையைப் புரிந்துகொள்ள முடியாது என்ற பிடிவாதம் ஜானுக்கு இதனால் இன்னும் இறுகியது.

மருத்துவமனையில் குழந்தையோடு அம்மா தங்க முடிவதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்துக்கு ஒரு சில மணி நேரம்தான் குழந்தையைப் பார்க்கலாம். பார்த்தால் அழும், பார்க்காவிட்டால் 'செட்டில்' ஆகிவிடும் என்பது நர்ஸ்களின் வாதம். ஜானின் சகா ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல், தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைத் தினமும் படமெடுத்தார். அவள் ஊரைக் கூட்டி அழவில்லை. முகம் மெல்ல மெல்ல வெறுமையாகிப் போனது. 'செட்டில்' ஆவது என்றால் அதுதான் என்று படம் பார்த்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது. மருத்துவ வட்டாரத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான குழு பெற்றோருக்குத் தாராளமாக அனுமதி தரச் சொன்னது. பிளாட் ஓர் எலும்பு அறுவை மருத்துவர்.

அப்பாவின் பாராமுகம்தான் மகனின் கோட்பாட்டுக்குக் காரணம் என்று சொல்லலாமா?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கதையாகச் சொல்ல நன்றாகவும் இருக்கிறது. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. அதே வீட்டில், அதே ஆயாக்களிடம் ஆறு பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒருவர்தான் இந்தக் கோட்பாட்டை எழுதினார். அந்த வர்க்கத்தில் அன்றைக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படித்தான் இருந்தன. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது என்று நான் பார்ப்பது வேலை செய்யும் விதத்தைத்தான். காயம் எப்படி ஆறும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் அறுக்கப்பட்டவர் பிழைத்தார், எந்த நேரத்தில் அறுக்கப்பட்டவர் செத்தார் என்று ஆந்தனி பார்த்தார். குழந்தை மனம் இப்படித்தான் என்ற குரு க்ளைனின் வாக்கை விட்டுவிட்டு, எந்த வயதில், எவ்வளவு நாள், யாரைப் பிரிந்தது என்று ஜான் கேட்டார். 1939 டிசம்பரிலேயே, டொனால்ட் வின்னிகாட், இமானுவேல் மில்லர் என்ற மருத்துவர்களோடு சேர்ந்து, குண்டுவீச்சுக்குப் பயந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தனியாக ஊர் விட்டு அனுப்புவதன் ஆபத்தைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். குண்டிலிருந்து காப்பாற்றுவதும் முக்கியம்தான், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்றும் பாருங்கள் என்பதே அதன் சாரம்.

வேலைக்குப் போகும் அம்மா, பாட்டி வளர்க்கும் பிள்ளை, இவர்களையெல்லாம் அவர் குறை சொன்னாரா?

1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் அம்மா, அம்மா என்று அழுத்தமாக எழுதினார், அதனால் நியாயமான விமர்சனமும் வாங்கினார். மார்கரெட் மீட் போன்ற மானிடவியலாளர்கள், பல கைகளில் வளரும் பிள்ளைகள் உலகெங்கும் நன்றாகத்தான் வளர்கிறார்கள் என்றார்கள். 1972இல் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர், பிரிவையும் வறுமையையும் குடும்பச் சண்டையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள் என்று விரிவாக எழுதினார். ஆனால் அந்த 1951 அறிக்கையிலேயே ஜான் 'தாய் அல்லது நிரந்தரமாகத் தாயின் இடத்தில் இருப்பவர்' என்றும் சேர்த்திருந்தார். படித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பாட்டி தொடர்ந்து கூடவே இருந்தால் அவர் கோட்பாட்டின்படியே பிரச்சினை இல்லை. பாட்டியிடம் பழகிய பிள்ளையைத் திடீரென்று ஒருநாள் தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல். ஜானுக்கு மின்னி விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

ஆந்தனிக்குக் கிடைத்த பாரனெட் பட்டம் (வாரிசுக்குப் போகும் 'சர்' பட்டம்) என்ன ஆயிற்று?

போர்க்கால அறுவை சேவைக்குப் பிறகு, 1923இல் ஆந்தனிக்குக் கிடைத்த பட்டம் மூத்த மகன் டோனிக்குப் போனது. அவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் 1993இல் ஜானின் மகன் ரிச்சர்டுக்கு வந்தது. அவர் மருத்துவப் புகைப்படக்காரராக வேலை பார்த்தவர். பிறகு அப்பாவின் ஆராய்ச்சியைப் பெற்றோர்களுக்கு எளிமையாகச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். ரிச்சர்டின் அம்மா வழித் தாத்தா டாம் லாங்ஸ்டாஃபும் சாதாரண ஆள் இல்லை: ஜான் பிறந்த அதே 1907இல் இமயத்தின் திரிசூல் சிகரத்தில் ஏறியவர். மனிதன் 7,000 மீட்டருக்கு மேலான ஒரு சிகரத்தின் உச்சியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.